காவியும் கரியும்

மஞ்சள் காவியில் துளி விளக்குக் கரியைக் கலந்தால் என்ன நிறம் வரும்? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அழுக்கு மஞ்சள் என்பார்கள். ஒருவர் பழுப்பு என்பார். மீதி ஒருவர், அவர் வர்ண வேலை தெரிந்தவராக இருந்தால், பதில் சொல்லாமல் சிரிப்பார். வருவது பச்சை. கிளிப் பச்சை அல்ல, இலைப் பச்சையும் அல்ல. பாசி பிடித்த குட்டைத் தண்ணீரைப் போல, பச்சை என்று அடித்துச் சொல்ல நாக்குத் துணியாத ஒரு மங்கிய பச்சை.

இந்தக் காவியையும் கரியையும் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? 1914-ல் மூண்ட மகா யுத்தத்தில் பறந்த பிரிட்டிஷ் ராணுவ விமானங்கள் என்ன நிறம் என்பதுதான் வழக்கு. பச்சை என்று ஒரு கட்சி. பழுப்பு என்று ஒரு கட்சி. சாக்லேட் நிறம் என்று மூன்றாவதாக ஒரு கட்சி. மரத்தால் சிறு விமானங்கள் செய்து வர்ணம் தீட்டுகிறவர்களும், மியூசியங்களில் பழைய விமானங்களைச் செப்பனிடுகிறவர்களும் இந்த வழக்கில் வாதி பிரதிவாதிகள். வேலையற்றவர்களின் வேலை என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கும், என் கதையில் ஒருவன் அண்ணாந்து பார்க்காமல் இருந்திருந்தால்.

மயிலாடும்பாறையில் இருந்துகொண்டு நான் எழுதிவரும் நாவலில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவன் வருகிறான். மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்கிறான். பெங்களூரில் பயிற்சி, அங்கிருந்து கப்பலேறி மெஸபொடேமியா. அந்தப் படைக்காரர்களுக்குத் 'தம்பி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தமிழ்ச் சொல்லையே வெள்ளைக்காரத் துரைகளும் வாயில் போட்டுக்கொண்டார்கள். பாலம் கட்டுவது, அகழி வெட்டுவது, தோணி செலுத்துவது இவர்கள் தொழில். வருஷம் 1916, ஏப்ரல். டைகிரிஸ் நதிக்கரையில் குட் என்ற ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் சேனை துருக்கியரால் வளைக்கப்பட்டுப் பட்டினி கிடக்கிறது. அதை மீட்கப் போன சேனை கீழே சேற்றில் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் ஆள் இந்த இரண்டாவது சேனையில் இருக்கிறான். அவன் தலைக்கு மேல் ஆகாய விமானங்கள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு குட்டை நோக்கிப் போகின்றன. ஏப்ரல் 15-ம் தேதி தொடங்கி, 29-ம் தேதி ஊர் சரணடைகிற வரையில், மாவும் உப்பும் இன்ன பிற சாமான்களும் வானத்திலிருந்து விழுந்தன. முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு சேனைக்கு வான் வழியாகச் சோறு போட முயன்றது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள். தானியம் அரைக்கத் திரிகைக் கல்லைக்கூடப் போட்டார்கள். பாதி மூட்டை நதியில் விழுந்தது. கொஞ்சம் துருக்கியர் அகழியில் விழுந்தது. வயிற்றுக்குப் போதவில்லை.

மயிலாடும்பாறைக்காரன் ஒருவன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பறக்கிற யந்திரத்தைப் பார்க்கிறான். அது என்ன நிறம்? பேனா அங்கே நின்றுவிட்டது.

காக்கி என்று எழுதிவிட்டு மேலே போயிருக்கலாம். யுத்த விமானம் என்றால் காக்கி அல்லது பச்சை என்று சினிமா நமக்குக் கற்பித்து வைத்திருக்கிறது. ஆனால் சினிமாவை நம்பிச் சரித்திரம் எழுதுவது, நாடகத்து ராஜாவின் ஜிகினாவை உரசிப் பார்த்துத் தங்கத்தின் மாற்றுச் சொல்வது போலத்தான்.

போட்டோக்களைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். போட்டோக்கள் இருக்கின்றன. அவைதான் முதல் பொய் சாட்சி. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டியின் நெற்றியில் குங்குமம் கன்னங்கரேலென்று சாந்துப் பொட்டு மாதிரி விழுந்திருக்கும். அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு கண்ணில் படாது, சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். மஞ்சளையும் இருட்டடித்துவிடும். நீலத்தையோ வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். எல்லா நிறத்தையும் ஓரளவு நியாயமாகப் பார்க்கிற பிலிம் சாதாரணப் புழக்கத்துக்கு வந்தது யுத்தம் முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகு. பிரிட்டிஷ் விமானங்களில் 1914 டிசம்பரிலிருந்து வட்டச் சின்னம் போட்டார்கள். வெளியே நீலம், நடுவே வெள்ளை, உள்ளே சிவப்பு. பிரெஞ்சுக்காரர்களின் சின்னத்தை உள்ளும் புறமுமாக மாற்றிப் போட்டது அது. அதற்கு முன் தங்கள் கொடியையே இறக்கையில் எழுதி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கொடியின் சிலுவை ஜெர்மன் சிலுவை மாதிரியே தெரிந்ததால் சொந்தச் சிப்பாய்களே சுட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வட்டத்தைப் பழைய படத்தில் பார்த்தால், நடுவே கறுப்புப் பொட்டும் வெளியே வெளிறிய வளையமுமாகத் தெரியும். நிறம் தெரிந்த ஒரு சின்னமே இப்படி வேஷம் போடுகிறது என்றால், நிறம் தெரியாத இறக்கையைப் பற்றிப் படம் என்ன சொல்லிவிடும்?

ஆகவே துணியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த விமானங்கள் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. துணி பெரும்பாலும் லினன், அதாவது ஆளிச் செடியின் நாரில் நெய்தது. வெறும் துணி காற்றைத் தாங்காது. தொய்ந்துவிடும், ஈரத்தை உறிஞ்சும். நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியில் தறி வைத்திருக்கிற பெரியவர் ஒருவரிடம் இந்தச் சிக்கலைச் சொன்னேன். "கஞ்சி போடணும்யா. கஞ்சி இல்லாத பாவு பாவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஐரோப்பாவிலும் முதல் நாள்களில் அதைத்தான் செய்தார்கள். மாவுக் கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் போட்டுப் பார்த்தார்கள். மழை வந்தால் கரைந்தது. பிறகுதான் 'டோப்' என்ற பூச்சு வந்தது. பஞ்சிலிருந்து எடுக்கிற செல்லுலோஸைக் காடியின் அமிலத்தோடு சேர்த்து மாற்றி, அதை ஒரு திரவத்தில் கரைத்துத் தூரிகையால் பூசுவார்கள். திரவம் ஆவியானதும் துணி தம்பட்டத் தோல் மாதிரி விறைக்கும். மழை உள்ளே போகாது. நம் கரிசல் காட்டில் விளைகிற பஞ்சு போன்ற ஒன்றைக் கரைத்து ஐரோப்பிய நார்த் துணிக்குக் கஞ்சியாகப் போட்டார்கள் என்று சொன்னதும், நெசவுக்காரப் பெரியவருக்கு ஏக திருப்தி.

ஆனால் அந்தக் கரைக்கும் திரவத்தில் ஒரு கொடுமை இருந்தது. நிறத்தைத் தேடிப் போனவன் இதில் கொஞ்ச நாள் மேலே நகராமல் நின்றுவிட்டேன். டெட்ராகுளோரோஈத்தேன் என்று அதற்கு வாயில் நுழையாத பெயர். குளோரோபாரம் மாதிரித் தித்திப்பாக மணக்குமாம். யுத்தத்துக்குச் சற்று முன் பெர்லினுக்குப் பக்கத்தில் யோஹன்னிஸ்தாலிலும், 1914 முடிகிற சமயம் லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டனிலும், விமானத் தொழிற்சாலைகளில் இந்தப் பூச்சு வேலை செய்தவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. சாதாரணக் காமாலை அல்ல. ஈரல் வெந்துபோகிற காமாலை. பூச்சு வேலையில் பெண்கள் அதிகம். உடம்பு மஞ்சளாகி, வாந்தி எடுத்து, சிலர் செத்தே போனார்கள். வைத்தியர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார்கள். யுத்தம் அவசரப்படுத்தியது, மாற்றுத் திரவம் போதிய அளவு கிடைக்கவில்லை. யுத்தம் முடிவதற்குள் அந்த விஷத்தைக் கைவிட்டார்கள் என்பது வாஸ்தவம். அதற்குள் எத்தனையோ இறக்கைகள் அந்தக் கைகளால் பூசப்பட்டு வானத்துக்குப் போய்விட்டன. இறக்கையின் நிறத்தை விஞ்ஞானக் கருவியால் அளக்கிறவர்கள் அந்தப் பெண்களின் முகத்து மஞ்சளையும் எங்காவது ஒரு ஓரத்தில் குறித்து வைத்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரி, டோப் பூசிய துணி என்ன நிறம்? டோப்புக்கென்று நிறம் கிடையாது. தெளிந்த வார்னிஷ் மாதிரி இருக்கும். ஆகவே துணியின் நிறமே விமானத்தின் நிறம். நம் ஊர்க் காடாத் துணியை, வெளுக்காமல் தறியிலிருந்து இறக்கிய கோராவை, நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் லேசாக எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. வைக்கோல் நிறம் என்றும் சொல்லலாம், பழைய தந்தம் என்றும் சொல்லலாம். 1914-லும் 1915-லும் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் அநேகமாக இப்படித்தான் இருந்தன.

இதற்கு ஒரு பகைவன் வந்தான். ஜெர்மானியன் அல்ல, சூரியன். தெளிந்த டோப் வழியாக வெயில் உள்ளே புகுந்து நாரை மக்க வைத்தது. சில மாதங்களில் துணி விரலால் குத்தினால் கிழிகிற அளவுக்கு நைந்தது. வெயிலைத் தடுக்க ஏதாவது ஒரு வர்ணத் தூளைக் கலக்க வேண்டும் என்று ஃபார்ன்பரோவில் இருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலை பல கலவைகளைச் சோதித்தது. கடைசியில் நிலைத்தது பி.சி.10 என்ற எண்ணுள்ள கலவை. அதில் என்ன இருந்தது? மஞ்சள் காவி, அதில் துளி விளக்குக் கரி. அவ்வளவுதான்! சாம்ராஜ்யத்தின் ஆகாயப் படைக்கு மேலாடை நம் ஊர்த் திண்ணைக்குப் பூசுகிற காவி. எதிரியின் கண்ணிலிருந்து மறைவது இரண்டாவது லாபம்; துணியைக் காப்பதே முதல் நோக்கம்.

இதைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடமலைக்குண்டில் சுவர் விளம்பரம் எழுதுகிற வர்ணக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். என்னைவிட மூத்தவர். காவியும் கரியும் கலக்க வேண்டும் என்றதும், "வீட்டுக்கா தம்பி?" என்றார்.

"ஏரோப்ளேனுக்கு அண்ணே."

"ஓகோ. மொட்டை மாடியிலே எறக்கப் போறீகளா?"

கிண்டல் செய்தாலும் கை வேலையில் இறங்கிவிட்டது. கொட்டாங்கச்சியில் மஞ்சள் காவியைக் குழைத்தார். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை நான் கொண்டுபோயிருந்தேன். அதை ஒரு சிட்டிகை போட்டுக் குச்சியால் கிண்டினார். மஞ்சள் மெல்ல மெல்லக் கறுக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு எதிரே அது பச்சைக்குத் திரும்பியது.

"பச்சை எங்கேயிருந்து வந்தது அண்ணே?"

"கரிக்குள்ளே நீலம் இருக்கு தம்பி. கூட்டாளி கிடைச்சாத்தான் அது வெளியே வரும்."

பிறகு செங்காவி கொஞ்சம் சேர்த்தார். பச்சை போய்ப் பழுப்பு வந்தது. ஆளி விதை எண்ணெய் ஊற்றினார். பழுப்பு ஆழ்ந்து சாக்லேட் ஆயிற்று. கால் மணி நேரத்துக்குள் அந்த மூன்று கட்சிகளும் என் முன்னால் மூன்று கொட்டாங்கச்சிகளில் உட்கார்ந்திருந்தன.

வழக்கின் ரகசியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. காவி என்பது மண். ஒரு குழியில் எடுத்த மண் மஞ்சளாக இருக்கும். பக்கத்துக் குழி மண் சிவப்போடும். ஒரே எண்ணைப் போட்டுப் பல கம்பெனிகள் கலவை தயாரித்தன. அதைக் குழைக்கிற ஊடகமும் ஒன்றல்ல. ஒரு கம்பெனி செல்லுலோஸில் குழைத்தது, இன்னொன்று எண்ணெய் வார்னிஷில் குழைத்தது. புதிதாகப் பூசும்போது பச்சைச் சாயலாக இருந்தது வெயிலிலும் மழையிலும் பழுப்பாயிற்று. அதன் மேல் விமானி வீட்டு எண்ணெய் வேறு. எண்ணெய் என்றால், சாக்ஷாத் நம் விளக்கெண்ணெய்தான்! அந்நாளில் நோம் போன்ற சுழலும் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள். பெட்ரோலோடு கலந்து கெடாத எண்ணெய் அதுதான். எஞ்சின் அதை எரித்துத் தீர்க்காது. சுற்றிச் சுற்றி வெளியே வீசியடிக்கும். இறக்கையிலும் உடம்பிலும் எண்ணெய்ப் படலம். அதன் மேல் புழுதி. விமானியின் மூக்கிலும் வாயிலும் போனதற்குப் பலன் என்னவென்று, சிறு வயதில் பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்த எந்தத் தமிழனுக்கும் நான் எழுதிக் காட்ட வேண்டாம். உலகத்துக்கு ஆமணக்கு அனுப்பிய தேசங்களில் நம் தேசம் முன்னால் நின்றது. வருஷநாட்டுப் பக்கம் காட்டு ஓரத்தில் வேலி மாதிரி நிற்கிற செடி, இந்த விதத்தில் யுத்தத்துக்குப் போய் வந்திருக்கிறது.

இப்படியிருக்க, 'உண்மையான நிறம்' என்று ஒரே ஒரு சதுரத்தை அட்டையில் அச்சடித்து இதுதான் பி.சி.10 என்றால் எப்படிச் சரியாகும்? ஆராய்ச்சியில் தேர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் முறை மெச்சத்தக்கது. யுத்த காலத்தில் சிப்பாய்கள் விழுந்த விமானத்திலிருந்து துணியைக் கிழித்து ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். 1918 ஏப்ரல் 21-ல் ஜெர்மன் வீரன் ரிச்தோஃபென் சுடப்பட்டு விழுந்ததும், அவனுடைய சிவப்பு விமானத்தை ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மொய்த்துக் கிழித்தெடுத்தார்கள். அந்தத் துண்டுகளில் சில கான்பராவில் உள்ள யுத்த ஞாபகச் சாலையில் இருக்கின்றன. இப்படி இருட்டுப் பெட்டியில் தப்பிய துண்டுகளை எடுத்து, மேலே உள்ள வார்னிஷ் மஞ்சளாகிவிட்டதா என்று ஓரத்தைச் சிறு சீவலாக வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் தனி வரியாகத் தெரியும். மடிப்புக்குள் வெயில் படாத இடம் இருந்தால் அதற்குத் தங்கத்தின் மதிப்பு. அந்த இடத்தின் நிறத்தை மன்செல் அட்டவணை போன்ற ஒன்றோடு ஒப்பிட்டுக் குறிக்கிறார்கள். மன்செல் என்பவர் அமெரிக்கச் சித்திர ஆசிரியர். நிறத்துக்கு எண் கொடுக்கும் முறையை வகுத்தவர். மண்ணின் நிறத்தைக் குறிக்க விவசாய விஞ்ஞானிகளும் அவர் அட்டவணையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். காவியும் மண்தானே; பொருத்தம்தான்.

வெப்ப தேசங்களுக்கென்று பி.சி.12 என்று இன்னொரு கலவையும் வந்தது. அதில் சிவப்புக் காவி தூக்கல், செங்கல் பழுப்பு. எகிப்து, பாலஸ்தீனம், மெஸபொடேமியா பக்கம் அது புழங்கியது. யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்துக்கெல்லாம் இந்தக் காவி யுகமே முடிந்து, அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு வந்துவிட்டது. 1933 ஏப்ரல் 1-ம் தேதி கராச்சியில் நாலு வாபிட்டி விமானங்களோடு நம் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது, வெள்ளி நிறம்தான் ஆட்சி செய்தது. அந்த ரக விமானம் ஒன்றை டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை மியூசியத்தில் பார்க்கலாம். பிறகு 1942-ல் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்க, இந்தப் பக்கத்து விமானங்களின் சின்னத்திலிருந்து நடுச் சிவப்பை அழித்தார்கள். சுதந்திரம் வந்ததும் அசோகச் சக்கரம். குடியரசானதும் மூவர்ண வட்டம். ஒரு சிவப்புப் பொட்டுக்கு எத்தனை அரசியல் பாருங்கள். ஆனால் நம் ஆள் அவ்வளவு தூரம் வரவில்லை. அவன் இன்னும் 1916-லேயே அண்ணாந்து நிற்கிறான்.

அவனிடம் திரும்புவோம். மெஸபொடேமியாவுக்கு விமானம் போன கதையே ஒட்டுப் போட்ட கதை. 1915 மே மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் சில விமானிகள், இந்தியச் சேனை அதிகாரிகள் சிலர், இந்திய சர்க்கார் கொடுத்த பழைய மாரிஸ் ஃபார்மன் விமானங்கள் எல்லாமாகப் பாஸ்ராவில் சேர்ந்தார்கள். அரை ஸ்குவாட்ரன் என்று பெயர். கால் என்றால்கூடப் பொருந்தும். வெயிலில் மரம் வளைந்தது, ஒட்டுப் பசை விட்டது. அதுதான் பிறகு 30-ம் ஸ்குவாட்ரனாக வளர்ந்தது. குட்டுக்கு மூட்டை போட்டவை அந்த ஸ்குவாட்ரனின் பி.இ.2சி ரகமும், கடற்படையின் ஷார்ட் முதலிய விமானங்களும். அந்த ஏப்ரலில் காவிப் பூச்சு பிரான்ஸ் யுத்த களத்திலேயே அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. டைகிரிஸ் கரைக்கு அது இன்னும் வரவில்லை. ஆக, பச்சையும் இல்லை, காக்கியும் இல்லை. கோரா நிறம்.

எதிராளியின் ஃபாக்கர் விமானமும் கிட்டத்தட்ட அதே வெளிறிய துணி நிறத்தில் வந்ததாகத்தான் தெரிகிறது. இறக்கையில் வெள்ளை விளிம்பிட்ட கறுப்புச் சதுரம், அதுதான் துருக்கிச் சின்னம். மூட்டை போடப் போன ஷார்ட் விமானம் ஒன்றை ஏப்ரல் கடைசியில் ஒரு ஃபாக்கர் சுட்டு வீழ்த்தியது. கீழே நின்ற சிப்பாய்க்கு நம்முடையது எது, அவனுடையது எது என்பதற்கு நிறம் உதவவில்லை. வட்டமா, சதுரமா என்றுதான் பார்த்திருப்பான்.

இன்னொன்று. இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்தபோது சிரிப்பும் வந்தது. பி.சி.10 பூசினார்களே, எங்கே பூசினார்கள்? வெயில் படுகிற இடத்தில். இறக்கையின் மேல்புறத்திலும் உடம்பின் பக்கங்களிலும். இறக்கையின் அடிப்புறத்துக்கு வெயில் இல்லை. ஆகவே காவியும் இல்லை. 1916, 1917, 1918 எல்லாவற்றிலும் அடிப்புறம் பெரும்பாலும் வெறும் டோப் பூசிய துணியாகவே இருந்தது. பச்சையா பழுப்பா என்று இத்தனை காலமாக வாதாடுகிறார்களே, அந்த நிறத்தைப் பறக்கும்போது பார்த்தவர்கள் மேலே பறந்த எதிரியும் பருந்தும்தான். தரையில் நின்று அண்ணாந்த சிப்பாய் யுத்தம் முடிகிற வரையில் கோரா நிறத்தையே பார்த்தான்.

அதையும் அவன் துணியின் நிறமாகப் பார்த்திருக்க மாட்டான். தெளிந்த டோப் பூசிய துணி வெளிச்சத்தை மறைக்காது. மேலே சூரியன் நின்றால் இறக்கை உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஒளிவிடும். உள்ளே உள்ள மரச்சட்டங்கள் நிழல் நிழலாக, வரி வரியாகத் தெரியும். இதைச் சோதிக்க, வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியில் காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி எண்ணெய் வார்னிஷ் பூசினேன். லினனும் இல்லை, டோப்பும் இல்லை. ஆனாலும் பங்குனி வெயிலில் அதற்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, தட்டாம்பூச்சியின் சிறகு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன தம்பி, வத்தலுக்குப் பந்தலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மயிலாடும்பாறைக்காரனுக்குத் தட்டாம்பூச்சி தெரியும். வைகை மணலில் மழைக்கு முன் தாழப் பறப்பதைப் பிடித்து நூல் கட்டியிருப்பான். 'காக்கி விமானம்' அவன் வாயில் வராது. 'தட்டான்' வரும்.

நாவலுக்கு அது போதும். ஆனால் தேடுகிற காரியத்தில் இன்னொரு கணக்கும் எதிர்ப்பட்டது. அதைத் தாண்டிக்கொண்டு போக மனம் வரவில்லை. மெஸபொடேமியாவில் இறந்து, சமாதி தெரியாமல் போனவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் கடைசி வரிசைக்காரன் வரை பெயர் வெட்டியிருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கு, படையின் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்று ஓர் எண்தான். நம் மாகாணத்துக் கிராமங்களிலும் இதே கதை. யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல்லும் சலவைக் கல் பலகைகளைச் சாவடியிலோ பழைய கட்டடச் சுவரிலோ இன்றும் பார்க்கலாம். எண் இருக்கும், பெயர் இருக்காது. விமானத்துக்கோ ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், எந்தத் தொழிற்சாலை, எந்த நாள் பழுது, எந்த நாள் விழுந்தது என்று தஸ்தாவேஜு இருக்கிறது. மண்ணில் கலந்த காவியின் சாயலை மறுபடி தேடி எடுக்க இன்று சோதனைச்சாலை இருக்கிறது. என் ஆளுக்குப் பெயர் வைக்க நான் வாக்காளர் பட்டியலைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு மற்றத் துறைகளுக்கும் வாய்த்திருந்தால் அந்தப் பெயர்களில் பல நமக்குக் கிடைத்திருக்கும். காமன்வெல்த் யுத்த சமாதி ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறது. பெயர்களைத் தேடும் வேலை அதற்குப் பின் கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது. பட்டாளத்துப் பதிவேடுகள் சில எஞ்சியிருக்கின்றன. பெயருக்கு எதிரே ஊர்ப் பெயரும் எழுதியிருப்பதால், தேடுகிறவர் நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அந்தக் காலத்துக் குமாஸ்தா எப்படியெல்லாம் சிதைத்திருப்பார் என்று ஊகிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மயிலாடும்பாறையை எப்படி எழுதியிருப்பார் என்று நான் ஏழெட்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

நாவலில் அடுத்த அத்தியாயம் 1917 பிப்ரவரி 23. ஷும்ரான் என்ற வளைவில் டைகிரிஸைக் கடந்த நாள். விடிவதற்கு முன் தோணிகளை நதியில் இறக்கினார்கள். எதிர்க்கரையில் துருக்கியத் துப்பாக்கிகள். மூன்று துறைகளில் இரண்டை, தோணிக்காரர்கள் விழுந்துகொண்டே இருந்ததால், கைவிட வேண்டியதாயிற்று. மூன்றாவதில் போய் வந்துகொண்டே இருந்து, மாலைக்குள் பாலமும் போட்டுவிட்டார்கள். துடுப்புப் போட்டவர்களில் மெட்ராஸ் ஸாப்பர்களும் இருந்தார்கள். அதற்குள் அங்கே வந்த புது விமானங்களின் மேல்புறத்தில் காவி ஏறத் தொடங்கியிருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்திருக்கட்டும். அந்த அத்தியாயத்தில் அதை நான் எழுதவில்லை. அன்று அவன் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டான். குனிந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.